கொல்லையில் லாலான்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் வீடு சுங்கை சிப்புட்டில் இருக்கிறது. தோட்டத்து லயத்தை விட்டு வெளியேறியபோது மாமனாரும் மாமியாரும் சேர்ந்து வாங்கிய வீடு, பின்னால் நல்ல இடம் உண்டு. மாமியார் நடமாடிய வரைக்கும் கத்தரி, வெண்டி, மிளகாய், பயத்தங்காய் எதையும் நாங்கள் பசாரில் வாங்கியதே இல்லை. அவருக்கு முட்டி ஆபரேஷன் ஆன பிறகு ஒரு வருஷமாக யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. இப்போது இடுப்பு உயரத்துக்கு லாலான் புல், அதன் மேலே ஒரு கொடி, ஓரத்தில் தொட்டாற்சுருங்கி. மெஷின் கூப்பிட்டு ஒரேயடியாக உழுதுவிடலாம் என்கிறார் என் கணவர். எங்கிருந்து ஆரம்பிக்க?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: முதலில் அந்த மெஷினை நிறுத்துங்கள் தங்கச்சி. உங்கள் கணவர் சொல்வது கேட்க நன்றாக இருக்கும், அன்றைக்குச் சாயங்காலம் பார்க்கவும் நன்றாக இருக்கும், ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் முன்பைவிட நெருக்கமாக லாலான் நிற்கும். காரணம் தெரிய வேண்டுமானால் சங்கோலால், அதாவது மண்வெட்டியால், ஒரு கொத்து மண்ணைப் பெயர்த்துப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக, கணுக்கணுவாக ஓடும். நாம் வேர் என்று சொன்னாலும் அது மண்ணுக்கடியில் ஓடுகிற தண்டு. கடித்தால் லேசாக இனிக்கும், தோட்டத்தில் வளர்ந்தவர்கள் சின்ன வயதில் மென்றிருப்பார்கள். நுனி ஊசி மாதிரி. மரவள்ளிக் கிழங்கையே குத்திக்கொண்டு மறுபக்கம் வந்துவிடும். கணுவுக்குக் கணு அதில் முளை இருக்கிறது. மெஷின் அதைத் துண்டு துண்டாக வெட்டி இடமெல்லாம் பரப்பினால் ஒவ்வொரு துண்டும் ஒரு செடி. கோடை நிச்சயமாக இருக்கிற ஊரில் திரும்பத் திரும்ப உழுது வெயிலில் காயப்போட்டு இதைக் கொல்வார்கள். நம் பேராக் மாநிலத்தில் வாரத்துக்கு நாலு நாள் மழை பெய்கிற மாதங்களில் அது நடக்காது.

தீ வைக்கிற யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். மேலே எரியும், அடியில் இருக்கிற தண்டுக்கு ஒன்றும் ஆகாது, சாம்பலில் புதுக் குருத்து ஜோராக வரும். திறந்தவெளியில் எரிப்பதற்கு 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் சட்டத்தில் கட்டுப்பாடும் இருக்கிறது, பக்கத்து வீட்டுக்காரர் துணி காயப்போட்டிருப்பார் என்பது வேறு.

லாலானுக்குப் பிடிக்காத ஒன்று உண்டு, நிழல். செம்பனை வளர்ந்து குடை பிடித்த தோட்டத்துத் தீம்பாருக்குள் லாலானைப் பார்ப்பது அரிது, ஆனால் ரோட்டோரத்தில், வெயில் விழும் இடத்தில், அடர்ந்து கிடக்கும். அதனால் உங்கள் வேலை அதைப் பிடுங்குவதைவிட மூடுவதுதான். இடம் முழுவதையும் ஒரே வாரத்தில் தொடாதீர்கள். கட்டில் அகலத்துக்கு ஒரு பாத்தி, அவ்வளவுதான். மாமியார் மிளகாய் போட்ட பக்கம், அல்லது தண்ணீர்க் குழாய்க்குப் பக்கம், எது அடிக்கடி கால் படுகிற இடமோ அதில் தொடங்குங்கள். முதலில் நீளமான கம்பால் தட்டிவிட்டு, பூட்ஸ் போட்டுக்கொண்டு இறங்குங்கள், ஒரு வருஷம் ஆள் போகாத இடத்தில் பாம்பு இருப்பது அதிசயமில்லை. பாராங் கத்தியால் லாலானைத் தரையோடு ஒட்ட வெட்டி அங்கேயே படுக்கப் போடுங்கள். அதன் மேல் பழைய அட்டைப்பெட்டிகளை விரித்து, டேப்பைக் கிழித்து எடுத்துவிட்டு, ஒரு அட்டை மேல் இன்னொரு அட்டை ஒரு சாண் ஏறி இருக்கும்படி அடுக்கி, நன்றாகத் தண்ணீர் ஊற்றி நனைத்து, அதன் மேல் காய்ந்த இலை, புல், தென்னை மட்டை எது கிடைக்கிறதோ அரை அடி கனத்துக்குப் போடுங்கள். இடைவெளியில் கட்டாயம் ஒரு ஊசி எட்டிப் பார்க்கும். பார்த்தவுடன் இழுத்துவிடுங்கள், இலை விரிய விடாதீர்கள். இலை இல்லாமல் அடியில் இருக்கிற தண்டு சேமித்ததையே தின்று தின்று இளைத்துப்போகும். பலகை வீடாக இருந்தால் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளியே அட்டையைப் போடுங்கள், கரையானுக்கு அட்டை விருந்து.

மூன்று நான்கு மாதத்தில் அட்டை மக்கிவிடும். அதுவரை சும்மா வைத்திருக்க வேண்டாம், அட்டையில் கத்தியால் ஓட்டை போட்டு, ஒரு கை கம்போஸ் மண் வைத்து, சர்க்கரைவள்ளிக் கொடியை ஒரு அடிக்கு ஒன்று நடுங்கள். இரண்டு மாதத்துக்குள் தரை தெரியாமல் மூடிவிடும், கொழுந்தை சம்பாலுக்கு வைத்துக்கொள்ளலாம், கிழங்கு எடுக்கும்போது மிச்சம் மீதி லாலான் தண்டும் கூடவே வரும். அதன் பிறகு அங்கே கத்தரியோ வெண்டியோ போடலாம்.

மேலே படர்ந்த கொடி இதய வடிவ இலையோடு, வெள்ளைப் பூங்கொத்தோடு இருந்தால் அது மிக்கானியா. இழுத்தால் சுலபமாக வரும், ஆனால் ஈர மண்ணில் போட்டால் கணுவில் வேர் விட்டு மறுபடி கிளம்பும். பழைய தகரத்தின் மேல் போட்டுச் சருகாகக் காய விடுங்கள். தொட்டாற்சுருங்கிக்குக் கையுறை, மழை பெய்த மறுநாள், அடியோடு. காய் முற்றுவதற்குள்.

கேள்வி: வணக்கம் அண்ணே. மிளகாய் நட்டிருக்கிறேன், நடுவில் புல் தாங்க முடியவில்லை. பக்கத்து வீட்டு அண்ணன் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர், மினரல் வாட்டர் போத்தலில் கொஞ்சம் கொண்டுவந்து தருகிறேன் என்கிறார். அடித்தால் ஒரு வாரத்தில் சரியாகிவிடுமாமே?
(வாசகர், கோலகங்சார் சாலை)

பதில்: தம்பி, வேண்டாம். அந்த போத்தலை வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். லேபிள் இல்லாத மருந்து என்ன என்று உங்களுக்கும் தெரியாது, அவசரத்தில் டாக்டருக்கும் தெரியாது. தண்ணீர் போத்தலில் ஊற்றிவைத்த பாராகுவாட் என்ற களைக்கொல்லியைத் தெரியாமல் குடித்துப் போன உயிர்கள் நம் தோட்டங்களில் கொஞ்சமில்லை, அதற்கு முறிமருந்தும் கிடையாது. மலேசியாவில் 2020 ஜனவரி 1 முதல் பாராகுவாட்டுக்குத் தடை இருக்கிறது. அதற்கு முன்பு பல வருஷம் முதுகில் மருந்துத் தோம்பு சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள்தான். நகம் கறுத்து உதிர்ந்ததையும் மூக்கில் ரத்தம் வந்ததையும் உங்கள் அம்மா வயதுக்காரர்களிடம் கேட்டால் சொல்வார்கள்.

ஒருவேளை அவர் தருவது கிளைஃபோசேட்டாக இருக்கலாம். அதற்குத் தடை இல்லை, ஆனால் இலையில் பட்டால் உள்ளே இறங்கி வேர் வரைக்கும் போகிற மருந்து அது, புல்லா மிளகாயா என்று பார்க்காது. லேசான காற்றில் நாலு துளி பறந்து வந்தாலே மிளகாய்க் குருத்து வெளுத்துச் சுருங்கும். புற்றுநோய் வரவழைக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015இல் வகைப்படுத்தியது, அதை மறுக்கிற நாடுகளும் உண்டு. அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம், நாம் சாப்பிடுகிற பாத்தியில் எதற்கு என்பதுதான் என் கேள்வி.

இன்னொன்று. உங்கள் மிளகாய்க்கு நடுவில் நிற்பது தட்டையாக, வட்டமாகப் படர்ந்து, நடுவில் வெளுத்த தண்டோடு, விரல் விரித்த மாதிரி கதிர் விடுகிற புல்லாக இருந்தால், மலாய்க்காரர்கள் சம்பாவ் என்பார்களே, அதுவாக இருந்தால், மருந்துக்கே அடங்காமலும் போகலாம். கிளைஃபோசேட்டைத் தாங்கிக்கொள்ளும் சம்பாவ் புல் உலகத்திலேயே முதலில் பதிவானது நம் மலேசியாவில்தான், 1997இல், தெலுக் இந்தான் பக்கம். ஒரே மருந்தை வருஷக்கணக்கில் அடித்ததன் பலன்.

மிளகாய்க்கு நடுவே கையால் எடுப்பதுதான் வழி. சம்பாவ் இறுக்கமாகப் பிடித்திருக்கும், இழுத்தால் கதிர் கையோடு வரும், அடி அங்கேயே இருக்கும். பழைய சாப்பாட்டுக் கத்தியை வேருக்குப் பக்கத்தில் குத்தி நெம்பினால் முழுசாக வரும். கதிர் விட்டபின் எடுப்பதும் எடுக்காததும் ஒன்று, ஒரு செடி பல ஆயிரம் விதை கொட்டும். அடுத்த முறை புதுப் பாத்தி போடும்போது உடனே நடாதீர்கள். மண்ணைச் சமன்படுத்தித் தண்ணீர் விட்டு இரண்டு வாரம் சும்மா விடுங்கள், மேல் மண்ணில் இருக்கிற விதையெல்லாம் முளைக்கும், அதை மேலாகச் சுரண்டி எடுத்துவிட்டு நடுங்கள். ஆழமாகக் கொத்தினால் அடியில் தூங்குகிற விதை மேலே வந்துவிடும், அதனால் மேலாக. உப்பு போடலாமா, வினிகர் ஊற்றலாமா என்று கேட்டு இன்னும் சிலரும் எழுதியிருக்கிறீர்கள். வினிகர் இலையை மட்டும் கருக்கும். உப்பு போட்டால் புல்லும் வராது, மிளகாயும் வராது.

கேள்வி: கோரைப்புல்லுக்கு கறுப்பு பிளாஸ்டிக் விரித்தேன், அதையும் குத்திக்கொண்டு வந்துவிட்டது. என்னதான் செய்வது?
(வாசகி, ஈப்போ சாலை)

பதில்: கோரை மெல்லிய பிளாஸ்டிக்கைக் குத்தும், அது அப்படித்தான். தோண்டிப் பாருங்கள், கம்பி மாதிரி ஒரு நூலில் கறுப்பாகச் சின்னச் சின்னக் கிழங்கு கோத்திருக்கும், நசுக்கினால் வாசம் வரும். நாட்டு மருந்துக் கடையில் கோரைக்கிழங்கு, முத்தக்காசு என்று விற்கிறார்களே, குளியல் பொடியில் போடுவது, அதே கிழங்குதான். மேலே இழுத்தால் புல் மட்டும் அறுந்து வரும், ஒரு கிழங்கு போனால் அடுத்தது முளைக்கும். கிழங்கு பெரும்பாலும் மேல் அரை அடி மண்ணுக்குள்தான் இருக்கும் என்பது ஒரு ஆறுதல். சின்னப் பாத்தி என்றால் மண்ணைப் பொறுமையாக விரலால் உதிர்த்து எடுத்துவிடலாம். பெரிய இடம் என்றால் சர்க்கரைவள்ளி, பூசணி மாதிரி படர்கிறதைப் போட்டு நிழலில் வையுங்கள், முழுசாகப் போகாது, ஆனால் அடங்கும். எடுத்த கிழங்கைக் கம்போஸ் குழியில் போடாதீர்கள், தோம்பில் தண்ணீர் ஊற்றி ஒரு மாதம் அழுக விடுங்கள், மூடி இறுக்கமாக இருக்கட்டும், இல்லாவிட்டால் கொசுவுக்கு வீடு கட்டிக் கொடுத்ததாகிவிடும், சுகாதார அதிகாரி வந்தால் அபராதச் சீட்டு உங்கள் கையில்.

கேள்வி: பிடுங்குகிற களையில் சமைக்கக்கூடியது ஏதாவது உண்டா அண்ணே?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: நிறைய. பருப்புக்கீரை, குப்பைக்கீரை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி, வல்லாரை, இதெல்லாம் யாரும் விதைக்காமலே வரும். வல்லாரையைப் பெகாகா என்று பசாரில் கட்டு கட்டாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். பருப்புக்கீரையில் மட்டும் கவனம், அதே மாதிரி தரையோடு படர்கிற சிவப்புத் தண்டுச் செடி ஒன்று உண்டு, கிள்ளினால் பால் வரும், அதைச் சாப்பிடக் கூடாது. பருப்புக்கீரையில் பால் வராது, இலை தடிமனாக இருக்கும். சாக்கடை ஓரத்திலும் தோட்டத்து வேலியை ஒட்டியும் பறிக்காதீர்கள், மருந்து பட்டிருக்கும்.

கேள்வி: எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் செம்பனைத் தோட்டம். அங்கிருந்து மூன்று இலையாக ஒரு கொடி ஏறி வந்து கறிவேப்பிலை மரத்தையே மூடிவிட்டது. இது என்ன சனியன்?
(வாசகர், லிந்தாங் பக்கம்)

பதில்: சனியன் இல்லை அண்ணே, அவர்கள் காசு கொடுத்து நட்டது. இலை பெரிதாகவும் கொடி தடிமனாகவும் இருந்தால் முக்குனாவாக இருக்கும். ஒரு காலத்தில் ரப்பர் தோட்டங்களில் ஒரு புல் இல்லாமல் மண்ணைச் சுத்தமாக வழித்து வைக்கச் சொன்னார்கள், நம் தாத்தா பாட்டிகள் நாள் கூலிக்கு அதைத்தான் செய்தார்கள். மேட்டு நிலத்தில் மழை பெய்து மேல் மண்ணெல்லாம் ஆற்றுக்குப் போன பிறகுதான் துரைமார்களுக்கு விளங்கியது, அப்புறம் மூடுபயிர் என்று இந்த மாதிரி அவரைக் குடும்பத்துக் கொடிகளை விரிக்க ஆரம்பித்தார்கள். நல்ல மழையில் முக்குனா ஒரே நாளில் நாலைந்து அங்குலம் ஓடும். வேலி ஓரமாக இரண்டு அடி அகலத்துக்கு வாரா வாரம் வெட்டுங்கள், கறிவேப்பிலை மேல் இருப்பதை இழுக்காமல் அடியில் அறுத்துவிட்டால் மேலே தானாகக் காயும். வெட்டிய இலையை வெளியே வீசாதீர்கள், மண்ணுக்குச் சத்து, உங்கள் பாத்தி மேலேயே மூடாக்காகப் போடுங்கள்.

கேள்வி: அமாவாசையன்று களை எடுத்தால் திரும்ப முளைக்காது என்கிறார் என் பாட்டி. உண்மையா?
(வாசகி, சுங்கை சிப்புட்)

பதில்: அமாவாசைக்கும் புல்லுக்கும் சம்பந்தம் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. மழை விட்ட மறுநாள் காலையில், மண் இளகி இருக்கும்போது எடுத்து, வெயிலில் போட்டால் செத்துப்போகும். தூறலில் கொத்தினால் பாதி மறுபடி வேர் பிடிக்கும். பாட்டி அமாவாசையன்றே எடுக்கட்டும், தடுக்காதீர்கள். நடுவில் இன்னும் மூன்று வாரம் கிடக்கிறதே, அதற்கு யார் இறங்குவது என்று மட்டும் கேட்டு வையுங்கள்.