நாய்க்கு எதைக் கடையில் வாங்கலாம், எதை வீட்டிலேயே முடிக்கலாம்? கேள்வி-பதில்

சேலம், ஏற்காடு பக்கத்து வாசகர்கள் நாய் வளர்ப்பு பற்றிக் கேட்ட கேள்விகளை இந்த முறை ஒன்றாக எடுத்திருக்கிறேன். எல்லோருக்கும் கவலை ஒன்றுதான், கடைக்குப் போனால் ஆயிரம் ரூபாய் இல்லாமல் வெளியே வர முடியவில்லை. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தடுப்பூசி, உண்ணி மருந்து, அறுந்து போகாத கழுத்துப் பட்டையும் கயிறும், இந்த மூன்றில் கை இறுக்க வேண்டாம். மற்றதில் பெரும்பாலானவை உங்கள் சமையலறையிலும் பரணிலுமே இருக்கின்றன.

கேள்வி: அம்மாபேட்டையில் இருக்கிறோம். ஒரு வயது நாட்டு நாய். ஹாலில் ஒரே மூலையில் திரும்பத் திரும்ப மூத்திரம் போகிறது. தினமும் பினாயில் போட்டுத் துடைத்தும் நிற்கவில்லை. கடையில் 900 ரூபாய்க்கு ஒரு ஸ்பிரே காட்டுகிறார்கள். வாங்கலாமா?

பதில்: உங்கள் வீட்டுத் தரை என்ன தரை என்று முதலில் பாருங்கள் அம்மா, வாங்குவதா வேண்டாமா என்பது அதைப் பொறுத்தது. பினாயில் நம் மூக்குக்கு மட்டும்தான் நாற்றத்தை மறைக்கிறது. மூத்திரம் காய்ந்த பிறகு அதிலுள்ள யூரிக் அமிலம் டைல்ஸ் இடுக்கிலும் சிமெண்டுத் துளையிலும் படிந்து உட்கார்ந்துகொள்ளும், வெறும் தண்ணீரில் லேசில் கரையாது. நமக்கு ஒன்றும் தெரியாது, நாய்க்குத் தெரியும், அந்த வாடை இருக்கும்வரை அதுதான் தன் இடம் என்று அங்கேயே போகும்.

வழவழப்பான டைல்ஸ் என்றால் ஸ்பிரே தேவையில்லை. ஈரமாக இருக்கும்போதே பழைய துணியை மேலே வைத்து அழுத்தி உறிஞ்ச விடுங்கள், தேய்த்தால் பரவிவிடும். பிறகு வெள்ளை வினிகர் பாதி, தண்ணீர் பாதி கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுத் துடையுங்கள். காய்ந்ததும் சமையல் சோடாவைத் தூவி இரவு முழுக்க விட்டுக் காலையில் கூட்டி எடுத்துவிடுங்கள். பழைய கறை என்றால் இதையே இரண்டு மூன்று நாள் விடாமல் செய்ய வேண்டியிருக்கும்.

ஆனால் கடப்பா கல், மார்பிள், பழைய மொசைக் தரை என்றால் வினிகர் கூடாது. இவையெல்லாம் சுண்ணாம்புச் சத்துள்ளவை, புளிப்புப் பட்டால் மினுமினுப்பு போய் வெள்ளை வெள்ளையாகத் திட்டு விழும், அதைத் திரும்பப் பாலிஷ் போட ஆகும் செலவுக்குப் பத்து ஸ்பிரே வாங்கலாம். அந்த மாதிரித் தரைக்கு மட்டும் கடைப் பொருள் வாங்குங்கள், அதிலும் லேபிளில் 'என்சைம்' என்று இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள். என்சைம்தான் அந்தப் படிவை உடைக்கும். லாவெண்டர் வாசனை, ரோஜா வாசனை என்று மட்டும் எழுதியிருந்தால் அது இன்னொரு பினாயில்தான், வேறு டப்பாவில்.

பிளீச்சிங் பவுடரை மூத்திரத்தின் மேல் போடவே கூடாது, வினிகருடனும் கலக்கக் கூடாது. நெஞ்சைப் பிடிக்கிற புகை வரும், நாய்க்கும் ஆகாது, துடைக்கிறவருக்கும் ஆகாது. கறுப்புப் பினாயிலையும் நிறுத்திவிடுங்கள், நாய் அதன்மேல் நடந்துவிட்டுப் பாதத்தை நக்கும், அதிலிருக்கும் பீனால் விஷம். அப்புறம், இவ்வளவு நாள் ஒழுங்காக வெளியே போன நாய் திடீரென்று வீட்டுக்குள் போக ஆரம்பித்திருந்தால் அது பழக்கக் கோளாறாக இருக்காது, சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். அடிக்காதீர்கள், மூக்கை அதில் வைத்துத் தேய்க்காதீர்கள். அதனால் அது மறைவாகப் போகக் கற்றுக்கொள்ளும், அவ்வளவுதான் நடக்கும்.

கேள்வி: ஏற்காட்டில் நாகலூர் பக்கம், காப்பித் தோட்டத்துக்குள்ளேயே வீடு. மழை வந்தால் நாய் உடம்பெல்லாம் அட்டையும் உண்ணியும். பக்கத்து வீட்டு அண்ணன் மண்ணெண்ணெய் தடவச் சொல்கிறார். மாட்டுக்கு அடிக்கிற உண்ணி மருந்து கொஞ்சம் இருக்கிறது, அதைக் கலந்து அடிக்கலாமா? கடையில் கழுத்துப் பட்டை, சொட்டு மருந்து, மாத்திரை என்று பல விலையில் இருக்கிறது.

பதில்: மண்ணெண்ணெய் வேண்டாம், மாட்டு மருந்தும் வேண்டாம். மண்ணெண்ணெய் தோலைப் பொசுக்கும், நாய் நக்கினால் வயிற்றுக்கும் போகும், நுரையீரலுக்கும் போகும். மாட்டு மருந்து பெரிய உடம்புக்கு அளவு பார்த்துச் செய்தது, தண்ணீர் எவ்வளவு கலப்பது என்று கண்ணளவில் முடிவு செய்தால் நாய் தள்ளாடி விழுந்துவிடும். இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

அட்டை பார்க்கத்தான் பயம், கையாள்வது சுலபம். வாய் ஒட்டியிருக்கும் மெல்லிய முனையில் நகத்தையோ பழைய ஏ.டி.எம். கார்டின் விளிம்பையோ வைத்துத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காமல் கசியும், ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு பொருளைச் செலுத்துகிறது, அதனால்தான். சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தால் நின்றுவிடும். ஒன்றை மட்டும் கவனியுங்கள். ஓடைத் தண்ணீர் குடித்த நாய்க்கு ஒரு மூக்கில் மட்டும் ரத்தம் வந்து, தும்மிக்கொண்டே இருந்தால் உள்ளே நீர் அட்டை போயிருக்கலாம், அதை நீங்கள் எடுக்கப் பார்க்காமல் டாக்டரிடம் தூக்கிப் போய்விடுங்கள்.

உண்ணிதான் உண்மையான எதிரி. காய்ச்சலைப் பரப்புவது அதுதான். சாப்பாட்டை ஒதுக்கி, உடம்பு கொதித்து, ஈறு வெளுத்துப்போய் இருந்தால் ஒரு நாள் கூடத் தள்ளிப்போடக் கூடாது. தோட்டத்தில் சுற்றிவிட்டு வந்ததும் வாசலிலேயே உட்கார வைத்துத் தடவிப் பாருங்கள்: காது மடிப்புக்குள், விரல் இடுக்கு, கழுத்துப் பட்டைக்கு அடியில், அக்குள், வால் அடி. கண்ணை விட விரல்தான் முதலில் கண்டுபிடிக்கும், மிளகு ஒட்டியது போல நெருடும். எடுக்க முனை மெல்லிய சாமணம் போதும், செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைகளில் கொலுசு வேலைக்கு வைத்திருப்பார்களே, அந்த மாதிரி. தோலை ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். எண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் உண்ணியைக் கலவரப்படுத்தி, உள்ளே இருப்பதை நாயின் ரத்தத்தில் கக்க வைக்கும். எடுத்ததைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள், விரலால் நசுக்காதீர்கள்.

நாயைக் குளிப்பாட்டிய பிறகும் ஏன் மறுபடி வருகிறது என்றால், வயிறு நிறைந்த பெண் உண்ணி கீழே இறங்கிச் சுவர் விரிசலிலும் கல் இடுக்கிலும் ஆயிரக்கணக்கில் முட்டை வைக்கிறது. நாய் படுக்கும் இடத்தைச் சுற்றி விரிசலைச் சிமெண்டால் பூசுங்கள், படுக்கும் சாக்கை வாரம் ஒரு முறை கொதிக்கும் தண்ணீரில் போட்டு வெயிலில் காயவையுங்கள். மலையில் மழைக்காலத்தில் வெயில் எங்கே என்று கேட்பீர்கள், அப்போது பழைய சாக்கை எரித்துவிட்டுப் புதுச் சாக்கு போடுங்கள், அதற்குத்தான் சாக்கு.

இனி எதை வாங்குவது. எடைக்கு ஏற்ற அளவுதான் முக்கியம், அதனால் முதலில் நாயை எடை போடுங்கள். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி, பிறகு உங்கள் எடையைக் கழித்தால் தெரிந்துவிடும். பெரிய நாய் மருந்தை வாங்கி இரண்டு சின்ன நாய்க்குப் பங்கு போடாதீர்கள். வீட்டில் பூனையும் இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள சொட்டு மருந்து கூடவே கூடாது, பூனைக்கு அது உயிராபத்து. கழுத்துப் பட்டையை விட, டாக்டர் எழுதிக் கொடுக்கும் மாத்திரையோ சொட்டு மருந்தோ தோட்டத்து நாய்க்கு நல்லது என்பது என் எண்ணம், மழையில் நனைந்துகொண்டே இருக்கும் நாய்க்குப் பட்டையின் மருந்து சீக்கிரம் போய்விடும். காலாவதித் தேதி, பேட்ச் எண் பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

கேட்காததையும் சொல்லிவிடுகிறேன். கீழே கொட்டிய காப்பிப் பழத்தையும், செடிக்குப் போடும் காப்பித் தூள் சக்கையையும் நாய் தின்னாமல் பாருங்கள். காஃபீன் நாய்க்கு விஷம்.

கேள்வி: ஐந்து ரோடு பக்கம் ஒரு கடையில் 10 கிலோ நாய் உணவு மூட்டை வாங்கினேன். பிரித்தால் வண்டு. காலாவதித் தேதி மேல் ஒரு ஸ்டிக்கர் வேறு ஒட்டியிருக்கிறது. 'பிரித்த மூட்டையைத் திரும்ப எடுக்க மாட்டோம்' என்கிறார்கள்.

பதில்: பிரிக்காமல் வண்டு எப்படித் தெரியும்! அந்தப் பேச்சுக்கு மசியாதீர்கள். மூட்டையைத் தூக்கிப் போடாமல் அப்படியே கட்டி வையுங்கள். வண்டு, ஸ்டிக்கர், பேட்ச் எண், பில் நான்கையும் படம் எடுங்கள். ஸ்டிக்கரை உரித்துப் பார்க்கும்போது வீடியோவும் எடுங்கள். பொட்டலப் பொருளில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, நிகர எடை, அதிகபட்ச விலை, தயாரித்த மாதமும் வருடமும், புகார் சொல்லும் எண் எல்லாம் இருக்க வேண்டும் என்பது 2011-ஆம் வருடத்துப் பொட்டலப் பொருள் விதி. அந்தப் புகார் எண்ணுக்கே முதலில் எழுதுங்கள், பல நேரம் கம்பெனியே மாற்றிக் கொடுத்துவிடும்.

நடக்கவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதற்கும் அசையவில்லை என்றால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே புகார் கொடுக்கலாம், அதனால் இணையத்தில் வெளியூர்க் கம்பெனியிடம் வாங்கியவர்களும் சேலத்திலேயே போடலாம். வாங்கிய மதிப்பு 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயம் இல்லை, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டால் சிரமம்தான், ஜிபே ரசீதாவது இருக்கிறதா பாருங்கள்.

இனி வாங்கும்போது பெரிய மூட்டை மலிவு என்று போகாதீர்கள். ஒரு மாதத்துக்குள் தீருகிற அளவு போதும். பெரிய மூட்டையிலிருந்து அள்ளிக் கவரில் கட்டித் தரும் சில்லறை உணவு வேண்டவே வேண்டாம், தேதியும் இருக்காது, பேட்ச்சும் இருக்காது. வீட்டில் டப்பாவில் கொட்டாமல், பையோடு தூக்கி எவர்சில்வர் டின்னுக்குள் வைத்து மூடுங்கள்.

கேள்வி: அஸ்தம்பட்டி, இரண்டாம் மாடி. வெயிலுக்குக் கூலிங் மேட் வாங்கலாமா?

பதில்: ஜெல் வைத்த மேட்டை நாய் கடித்துக் கிழித்தால் ஜெல் வயிற்றுக்குள் போகும். லீ பஜாரில் பழைய சாக்கு வாங்கி, நனைத்துப் பிழிந்து, மின்விசிறிக்குக் கீழே விரித்துவிடுங்கள். தண்ணீர் மண் தொட்டியில். நடக்கக் கூட்டிப் போவது காலை ஏழுக்கு முன், இல்லாவிட்டால் இருட்டிய பிறகு. புறங்கையைத் தார் ரோட்டில் வைத்து ஐந்து நொடி தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதத்துக்கும் தாங்காது. பக் மாதிரிச் சப்பை மூக்கு நாய்க்கு இன்னும் கவனம் தேவை, நாக்கு கருஞ்சிவப்பாகி நடை தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை உடம்பில் ஊற்றி, காற்றில் வைத்து, உடனே டாக்டரிடம் ஓடுங்கள்.

கேள்வி: இளம்பிள்ளையில் தறி வைத்திருக்கிறோம். மூன்று மாதக் குட்டி செருப்பு, கட்டில் கால் எல்லாவற்றையும் கடிக்கிறது. தறிக் கழிவு நூலை உருண்டையாகக் கட்டிக் கொடுத்தால் விளையாடுகிறது, பரவாயில்லையா?

பதில்: அந்த உருண்டையை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நூல் வயிற்றில் ஒரு முனை மாட்டிக்கொண்டால் குடல் அதன்மேல் சுருங்கிச் சுருங்கி மடிந்து, நூல் குடலை அறுக்கும், அறுவை செய்யாமல் தீராது. வாயிலோ பின்பக்கமோ நூல் தொங்குவதைப் பார்த்தால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

பல் முளைக்கிற வயது, ஈறு அரிக்கும், கடிக்கத்தான் செய்யும். பெரிய கேரட்டை ஃப்ரிட்ஜில் வைத்துச் சில்லென்று கொடுங்கள், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும். தடித்த பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி ஃப்ரீசரில் வைத்துக் கொடுக்கலாம், பிரிய ஆரம்பித்ததும் வாங்கிவிட வேண்டும். வேகவைத்த கோழி எலும்பு கூடாது, ஊசி ஊசியாக உடையும். செருப்பை மேலே வைப்பது உங்கள் வேலை, கழிவு நூல் கூடையை மூடி போட்ட டிரம்முக்கு மாற்றுவதும்.

கேள்வி: சோபாவில் முடி, காரில் முடி. போதாததற்கு ஏற்காடு ஏறும்போது வாந்தி. ஏதாவது மருந்து வாங்கலாமா?

பதில்: முடிக்குப் பாத்திரம் கழுவும் ரப்பர் கையுறையை லேசாக நனைத்துப் போட்டுக்கொண்டு ஒரே திசையில் தடவுங்கள், முடி திரண்டு உருண்டையாக வந்துவிடும். வாந்திக்கு மருந்துக்குப் போகும் முன், கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திப் பாருங்கள், தண்ணீர் மட்டும் கொஞ்சம் கொடுக்கலாம். 20 கொண்டை ஊசி வளைவையும் ஒரே மூச்சில் ஏறாமல் நடுவில் அகலமான இடத்தில் நிறுத்தி, கயிற்றைப் போட்ட பிறகு கதவைத் திறந்து இறக்குங்கள். கையில் பிஸ்கட் பாக்கெட்டை அசைக்காதீர்கள், அந்த ரோட்டில் குரங்குகள் வரும். கண்ணாடியை இரண்டு விரல் அளவு இறக்கினால் போதும், தலையை வெளியே நீட்ட விடாதீர்கள். இவ்வளவு செய்தும் நிற்கவில்லை என்றால் டாக்டரிடம் எடையைச் சொல்லி மாத்திரை வாங்குங்கள், நாம் போட்டுக்கொள்ளும் மாத்திரையில் பாதியை உடைத்துக் கொடுக்காதீர்கள்.