மன அழுத்தம் இருந்தால் தூக்கத்தில் பல்லைக் கடிப்போமா?

கேள்வி: தூக்கத்தில் நான் பல்லை நறநறவென்று கடிப்பதாக வீட்டில் சொல்கிறார்கள். பல் டாக்டர் "ரொம்ப டென்ஷனா?" என்று கேட்டுவிட்டு நைட் கார்டு (தூங்கும்போது பல்லில் மாட்டிக்கொள்ளும் பிளாஸ்டிக் உறை) போடச் சொல்கிறார். மன அழுத்தத்துக்கும் இதற்கும் நிஜமாகவே தொடர்பு உண்டா? கார்டு போட்டால் நின்றுவிடுமா?

தொடர்பு உண்டு. கார்டு போட்டால் நிற்காது. இரண்டையும் அனுபவித்தவன் என்பதால் கொஞ்சம் விவரமாகவே சொல்கிறேன்.

எனக்கு வீடு மலேசியாவில், பட்டர்வொர்த்தில். வேலை பினாங்குப் பாலத்துக்கு அந்தப் பக்கம், பாயான் லெப்பாஸில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில், பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். நான் பல் கடிப்பதை முதலில் கண்டுபிடித்தவர் என் மனைவி. "சிமெண்டுத் தரையில யாரோ தேங்காய்ச் சிரட்டையப் போட்டு இழுக்கிற மாதிரி இருக்குங்க" என்றார். அம்மாவுக்கு இதில் சந்தேகமே இல்லை, வயிற்றில் பூச்சிதான். நாற்பது வயதில் பூச்சி மருந்தும் குடித்தேன். சிரட்டை சத்தம் அப்படியே இருந்தது.

அப்புறம் காதுவலி. ஒரு கிளினிக்கில் சொட்டு மருந்து கொடுத்தார்கள், பத்து நாள் விட்டும் பிரயோசனமில்லை. காலையில் எழுந்தால் இரண்டு நெற்றிப்பொட்டிலும் மந்தமாக ஒரு வலி. வெயில் என்று நினைத்தேன். கடைசியில் தீபாவளி முறுக்கைக் கடித்தபோது கடைவாய்ப்பல்லின் ஓரம் பெயர்ந்து கையில் வந்தது. பாவம், முறுக்கின் மேல் தப்பே இல்லை.

பல் டாக்டர் என் கன்னங்களில் விரலை வைத்து, "கடிங்க" என்றார். தாடைத் தசை எலுமிச்சம்பழம் மாதிரி புடைத்தது. நாக்கின் ஓரத்தில் பல் பதிந்த வளைவுகள், கன்னத்தின் உட்புறம் வெள்ளையாக ஒரு கோடு, இரண்டையும் கண்ணாடியில் காட்டினார். காதில் ஒன்றுமே இல்லையாம். தாடை மூட்டு காதுக்கு முன்னால்தானே இருக்கிறது, அதன் வலிதான் காதுவலி மாதிரித் தெரிந்திருக்கிறது.

அவரிடம்தான் விஷயமே புரிந்தது. பல் கடிப்பதில் இரண்டு வகை. தூக்கத்தில் கடிப்பது மூளையின் வேலை. ஆழமில்லாத தூக்கத்தில் சில விநாடி மட்டும் மூளை லேசாக விழிக்கும், இதயத் துடிப்பு கூடும், உடனே மெல்லும் தசைகள் இறுகும். நமக்கு ஒன்றும் தெரியாது. தூக்கத்தைக் கலைக்கிற எதுவும் இதைக் கூட்டலாம். கவலை அதில் ஒன்று. ராத்திரி கோப்பி, சிகரெட், மது, சில மனச்சோர்வு மாத்திரைகள்கூடக் காரணமாகலாம் (நீங்கள் அப்படி எதுவும் சாப்பிட்டால் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், எழுதிக் கொடுத்த டாக்டரிடம் சொல்லுங்கள்). பலமாகக் குறட்டை விட்டு, பகலெல்லாம் தூங்கி வழிகிற ஆளாக இருந்தால் தூக்கத்தில் மூச்சு தடைப்படுகிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வகை, பகலில் சத்தமே இல்லாமல் பல்லை இறுக்கிப் பிடிப்பது. மன அழுத்தத்தின் கை பலமாக இருப்பது இதில்தான். கஷ்டத்தைத் தாங்குகிறவனை 'பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கிறான்' என்று நாம் சும்மாவா சொல்கிறோம்?

"பகல்ல கடிக்கிறீங்களா?" என்று டாக்டர் கேட்டார். இல்லவே இல்லை என்றேன். மறுநாள் காலை மோட்டர் சைக்கிளில் பாலத்தில் போகும்போது பிடிபட்டது. பக்கத்தில் ஒரு லாரி கடந்தது, காற்று அடித்து மோட்டர் லேசாக ஆடியது, ஹெல்மெட்டுக்குள் என் பற்கள் பூட்டுப் போட்ட மாதிரி இருந்தன. மோட்டருக்கு டோலை 2019இல் எடுத்துவிட்டார்கள், அந்தக் காற்றை யாரும் எடுக்கவில்லை. சரி, பாலத்தில்தானே என்று விட்டால், வேலையிடத்தில் திரையைப் பார்க்கும்போதும் கடி, சூப்பர்வைசர் நடந்து வந்தாலும் கடி. சாதாரணமாக மேல்பல்லும் கீழ்ப்பல்லும் தொட்டுக்கொள்ளவே கூடாதாம். மெல்லுவது விழுங்குவது எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளைக்குச் சுமார் இருபது நிமிடம்தான் அவை தொடும். நான் பாலத்திலேயே அந்தக் கணக்கை முடித்துவிடுவேன்.

எனக்கு உதவியது ஓர் எழுத்து. 'ன்' என்று சொல்லி அப்படியே நிறுத்துங்கள். 'ந்' இல்லை, அதற்கு நாக்கு பல்லைத் தொடும். தமிழ்ப்பள்ளியில் வாத்தியார் தலையில் குட்டிச் சொல்லிக்கொடுத்த றன்னகரம். நாக்கு நுனி மேல்பல்லுக்குப் பின்னால் ஈறில் நிற்கும், பற்கள் விலகும், தாடை தொங்கும். அப்படியே உதட்டை மட்டும் மூடிக்கொள்ளுங்கள். கணினித் திரையின் மூலையிலும் மோட்டர் கண்ணாடியிலும் ஒரு சிவப்புப் பொட்டு ஒட்டினேன். பொட்டைப் பார்த்தால் 'ன்'. முதல் வாரம் எத்தனை முறை பிடிபட்டேன் என்று எண்ணி எனக்கே வெட்கமாகிவிட்டது.

நைட் கார்டுக்கு வருகிறேன். எனக்கு 600 வெள்ளி (ரிங்கிட்) ஆனது, பல்லின் அச்செடுத்துச் செய்த கெட்டியான வகை. அதற்கு முன் மருந்துக்கடையில் வாங்கிய மெத்தென்ற ஒன்றை சூயிங்கம் மாதிரி மென்றுகொண்டிருந்தேன், அதைச் சிபாரிசு செய்யமாட்டேன். மூன்று மாதம் கழித்து டாக்டர் என் கார்டை விளக்கில் பிடித்துக் காட்டினார். வலது பக்கம் பளபளவென்று தேய்ந்து குழி விழுந்திருந்தது. நான் கடிப்பதை நிறுத்தவில்லை, பல்லுக்குப் பதில் பிளாஸ்டிக்கைக் கடித்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் தேய்ந்த எனாமல் திரும்ப வளராது. பிளாஸ்டிக்கை இன்னொன்று செய்துகொள்ளலாம். உங்கள் பல் ஏற்கெனவே தேய்ந்திருந்தால் யோசிக்காமல் போடுங்கள்.

காதுவலி போய்விட்டது. ராத்திரி ஷிப்டில் மூன்று மணிக்குக் குடிக்கும் கோப்பி ஓவையும் (பால் இல்லாத கோப்பி) விட்டுவிட்டேன், அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டம். இப்போது மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரிதான் சத்தம் என்கிறார் மனைவி. அதுவும் பகல் ஷிப்டிலிருந்து ராத்திரி ஷிப்டுக்கு மாறுகிற வாரத்தில்.