மானியம் யார் கணக்கில் வரும், எப்போது வரும்?

வாசகர் கேள்வி – பதில்

வேலை, உதவித்தொகை, மானியம் பற்றி வந்த கடிதங்களில் ஐந்தை இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஒன்றில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவர் பதில் அளிக்கிறார்.

கேள்வி: நான் 2017-இல் பி.எஸ்சி. முடித்து, அதே ஆண்டில் வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவு செய்தேன். அப்பா கொத்தனார் வேலை பார்க்கிறார். நான் வீட்டிலிருந்தபடி தொலைநிலைக் கல்வியில் எம்.ஏ. படிக்கிறேன். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்தால் பதிவு மூப்பு போய்விடும் என்று தோழி சொல்கிறாள். உண்மையா?
– வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்: உண்மையில்லை. உதவித்தொகை பெறுவதால் உங்கள் பதிவும் போகாது, மூப்பும் குறையாது. இந்த அச்சத்தினாலேயே தகுதியிருந்தும் விண்ணப்பிக்காமல் விட்டவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

தமிழ்நாடு அரசின் இந்த வேலைவாய்ப்பற்றோர் உதவித்தொகைத் திட்டத்தில் பத்தாம் வகுப்பில் தேறாதவருக்கு மாதம் 200 ரூபாய், தேறியவருக்கு 300 ரூபாய், பன்னிரண்டாம் வகுப்பு தேறியவருக்கு 400 ரூபாய், பட்டதாரிக்கு 600 ரூபாய் என்று மூன்றாண்டுகளுக்கு வழங்குகிறார்கள். மாதாமாதம் வராது, காலாண்டுக்கு ஒருமுறை உங்கள் வங்கிக் கணக்கில் சேரும். ஆக, உங்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை 1,800 ரூபாயும், மூன்றாண்டு முடிவில் மொத்தம் 21,600 ரூபாயும் கிடைக்கும். இதை வைத்துக் குடும்பம் நடத்த முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். தேர்வுக் கட்டணம், பேருந்துச் செலவு, ஒரு வழிகாட்டி நூல் ஆகியவற்றுக்கு வீட்டில் கை நீட்டாமல் இருக்கலாம், அவ்வளவே.

பதிவு செய்து ஐந்தாண்டுகள் நிறைவடைந்திருக்க வேண்டும், பதிவு இடைவெளியின்றிப் புதுப்பிக்கப்பட்டு நடப்பில் இருக்க வேண்டும், வயது 40-க்கு மேல் போயிருக்கக் கூடாது (ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு 45), சம்பள வேலையிலோ சுயதொழிலிலோ இருக்கக் கூடாது. நாள்தோறும் கல்லூரிக்குச் சென்று படிப்பவர்களுக்கு இத்தொகை இல்லை. தொலைநிலைக் கல்வியில் படிப்பது தடையாகாது என்பதால் உங்கள் எம்.ஏ. குறுக்கே நிற்காது. பொறியியல், மருத்துவம் போன்ற தொழிற்பட்டங்கள் பெற்றவர்களுக்கு இத்திட்டம் பொருந்தாது.

உங்களுக்கு இடிக்கக்கூடிய இடம் வருமான வரம்பு. குடும்பத்தின் ஆண்டு வருமானம் 72,000 ரூபாயைத் தாண்டக் கூடாது, அதாவது மாதம் 6,000 ரூபாய். நாளொன்றுக்கு 500 ரூபாய் கூலி பெறும் ஒருவர் ஆண்டில் 150 நாள் வேலைக்குப் போனாலே 75,000 ஆகிவிடுகிறது. இன்றைய கொத்தனார் கூலி அதைவிட அதிகம் என்பதைச் சொல்லத் தேவையில்லை. இந்த வரம்பை உயர்த்தாத வரையில் திட்டம் யாருக்காக ஏற்பட்டதோ அவர்களில் பலரை அது வெளியிலேயே நிறுத்தும் என்பது என் கருத்து. ஆனாலும் நீங்களாகவே முடிவு கட்டிவிடாமல், வருமானச் சான்றுக்கு விண்ணப்பித்து, வருவாய்த் துறை என்ன தொகை குறிக்கிறது என்று பாருங்கள்.

மாற்றுத்திறனாளிகளுக்கு நிபந்தனைகள் வேறு. பதிவு செய்து ஓராண்டு ஆகியிருந்தால் போதும், வருமான வரம்பு கிடையாது, பத்தாண்டுகள் வரை பெறலாம். பத்தாம் வகுப்பு வரை 600, பன்னிரண்டாம் வகுப்புக்கு 750, பட்டதாரிக்கு 1,000 ரூபாய்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பணியில் இருந்தபோது ஒருநாள் ஒரு பெண்மணி பிளாஸ்டிக் உறையிலிருந்து தம் பதிவு அட்டையைப் பூப்போல எடுத்து நீட்டினார். பல ஆண்டுகளுக்கு முந்தைய பதிவு, ஒரு கறை இல்லை, ஒரு மடிப்பு இல்லை. ஆனால் புதுப்பிக்க வேண்டிய மாதம் கடந்து ஏழு மாதமாகியிருந்தது. மூன்றாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டிய அந்த மாதம் அட்டையிலேயே அச்சிடப்பட்டிருக்கும். சில ஆண்டுகளில் அரசு சிறப்புச் சலுகை அறிவித்து, விடுபட்டவர்களுக்கு மறுவாய்ப்பு கொடுத்தது உண்டு; அதை நம்பி இருந்துவிடாதீர்கள். உதவித்தொகை வரத் தொடங்கிய பிறகும் ஆண்டுக்கு ஒருமுறை சுய உறுதிமொழி ஆவணம் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

கேள்வி: 2004 முதல் பதிவைப் புதுப்பித்து வருகிறேன். இதுவரை ஓர் அழைப்புக் கடிதம்கூட வந்ததில்லை. அலுவலகம் எதற்கு?
– வாசகர், திண்டுக்கல்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது, ஆனால் அது போய்ச் சேர வேண்டிய இடம் அந்தக் கவுன்டர் அன்று. வேலைவாய்ப்பு அலுவலகங்களுக்குக் காலியிடங்களைக் கட்டாயமாகத் தெரிவிக்கச் செய்த 1959-ஆம் ஆண்டுச் சட்டம், அரசுத் துறைகளும் 25 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் தனியார் நிறுவனங்களும் காலியிடத்தை அறிவிக்க வேண்டும் என்றுதான் சொன்னது. அலுவலகம் அனுப்பும் ஆளைத்தான் எடுக்க வேண்டும் என்று அந்தச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. பிறகு 1996-இல் உச்ச நீதிமன்றம், வேலைவாய்ப்பு அலுவலகப் பட்டியலோடு நிறுத்திக்கொள்ளாமல் நாளிதழ்களிலும் விளம்பரம் செய்து, விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அதோடு, பெரும்பாலான அரசுப் பணிகள் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம், ஆசிரியர் தேர்வு வாரியம், சீருடைப் பணியாளர் தேர்வு வாரியம் ஆகியவை நடத்தும் போட்டித் தேர்வுகளின் வழியே நிரப்பப்படுகின்றன. மூப்புக்கு முன்பிருந்த மதிப்பு இப்போது இல்லை.

அந்த அலுவலகத்தில் உங்களுக்குப் பயன்படக்கூடியது வேறொன்று உண்டு. மாவட்ட மையங்களில் இயங்கும் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் போட்டித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி தருகிறார்கள், நூலகமும் உண்டு. தனியார் வேலைவாய்ப்பு முகாம்களையும் அவர்களே நடத்துகிறார்கள். வயது வரம்பு தாண்டியிருந்தால் பயிற்சியால் உங்களுக்குப் பயன் குறைவு என்பதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். பிள்ளைகள் இருந்தால் அனுப்பிவையுங்கள்.

கேள்வி: ஏழாம் வகுப்பு வரை படித்த கிராமத்துப் பெண் நான். சிறுதானிய மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்க 8 லட்ச ரூபாயில் ஒரு சிறு ஆலை தொடங்க நினைக்கிறேன். மூன்று லட்சம் இலவசமாக வாங்கித் தருவதாகவும் அதற்கு 25,000 ரூபாய் முன்பணம் வேண்டும் என்றும் ஒருவர் கேட்கிறார். கொடுக்கலாமா?
– வாசகி, நாமக்கல் மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள். அவர் வாங்கித் தருவதாகச் சொல்வது, நீங்களே ஒரு காசு கட்டணமில்லாமல் இணையத்தில் விண்ணப்பிக்கக்கூடிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டமாகத்தான் இருக்க வேண்டும். 2008-இல் தொடங்கிய இத்திட்டத்தை காதி கிராமத் தொழில்கள் ஆணையம் நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையத்திலும் விண்ணப்பிக்கலாம். உற்பத்தித் தொழிலில் 10 லட்சத்துக்கு உட்பட்ட திட்டத்துக்குப் படிப்புத் தகுதி கேட்பதில்லை என்பதால் ஏழாம் வகுப்பு தடையாகாது. மாநில அரசின் வேலைவாய்ப்பற்ற இளைஞர்களுக்கான சுயதொழில் கடன் திட்டத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். ஆகவே உங்களுக்கு இதுவே வழி.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஊரகப் பகுதியில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு மானியம் 35 விழுக்காடு. 8 லட்சத்துக்கு 2,80,000 ரூபாய். உங்கள் கையிலிருந்து 5 விழுக்காடு, அதாவது 40,000 ரூபாய் போட வேண்டும். மீதி 7,60,000 ரூபாயையும் வங்கி கடனாகத் தருகிறது. மானியத் தொகை உங்கள் கைக்கு ஒருபோதும் வராது. வங்கியில் உங்கள் பெயரில் வைப்புத்தொகையாக மூன்றாண்டுகள் கிடக்கும். அதற்கு வட்டி தர மாட்டார்கள், கடனில் அதற்குச் சமமான பகுதிக்கு உங்களிடம் வட்டி வாங்கவும் மாட்டார்கள். ஆகவே வட்டி ஓடுவது 4,80,000 ரூபாய்க்குத்தான். மூன்றாண்டு கழித்து, ஆலை நடக்கிறதா என்று நேரில் வந்து பார்த்த பிறகே மானியம் கடனில் கழிக்கப்படும். இடையில் ஆலையை மூடிவிட்டால் மானியம் அரசுக்கே திரும்பிவிடும், முழுக் கடனும் உங்கள் தலையில் நிற்கும். “இலவசம்” என்ற சொல் இதில் எங்கே இருக்கிறது என்று அந்த மனிதரிடம் கேளுங்கள்.

நிலத்தின் விலையைத் திட்ட மதிப்பில் சேர்க்க முடியாது. கொட்டகையை வாடகைக்கு எடுத்தால் மூன்றாண்டுக்கு மேற்படாத வாடகையைச் சேர்க்கலாம். கடன் உத்தரவு வரும் முன் ஆர்வத்தில் இயந்திரத்தை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். இத்திட்டம் புதிய தொழில்களுக்கு மட்டுமே உரியது. இயந்திரத்துக்கு இரண்டு மூன்று கடைகளில் கொட்டேஷன் வாங்குங்கள். திட்ட அறிக்கையை இன்னொருவர் எழுதிக் கொடுத்தாலும், மாதம் எத்தனை கிலோ அரைக்க முடியும், கிலோவுக்கு எவ்வளவு நிற்கும், யார் வாங்குவார்கள் என்ற மூன்றுக்கும் வங்கி மேலாளர் முன்னால் நீங்களே வாய் திறந்து பதில் சொல்ல முடிய வேண்டும். நகல் கடையில் ஒரே அறிக்கையில் பெயரை மட்டும் மாற்றி அச்செடுத்துக் கொண்டுபோனவர்கள் அங்கேதான் திணறுவார்கள். 10 லட்சம் வரையிலான கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கேட்டால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள். திட்டம் 2025-26 நிதியாண்டு வரைக்கும் நீட்டிக்கப்பட்டிருந்ததால், விண்ணப்பிக்கும் முன் நடப்பு நிலையைத் தொழில் மையத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: திருப்பூரில் சிறிய பனியன் நிறுவனம் நடத்துகிறேன், 32 பேர் வேலை பார்க்கிறார்கள். புதிதாக மூவரை எடுக்க இருக்கிறேன். புதிய ஆட்களுக்கு அரசு பணம் தருகிறது என்கிறார்கள். பழைய ஆட்களையே நிறுத்திவிட்டுப் புதியவர்களாகக் காட்டினால் என்ன?
– வாசகர், திருப்பூர்

பதில்: கடைசி வரியை முதலில் மறந்துவிடுங்கள். ஏற்கெனவே உள்ள எண்ணிக்கைக்கு மேல் கூடுதலாகச் சேர்ந்தவர்களுக்குத்தான் ஊக்கத்தொகை. ஒருவரை நிறுத்தி அவரையே மறுபடி சேர்த்தால் எண்ணிக்கை கூடாது.

நீங்கள் கேள்விப்பட்டது பிரதம மந்திரி விக்சித் பாரத் ரோஜ்கார் யோஜனா. 2025 ஆகஸ்ட் 1 முதல் 2027 ஜூலை 31 வரை உருவாகும் வேலைகளுக்கு அது பொருந்தும். 50 பேருக்குக் குறைவாக உள்ள நிறுவனம் குறைந்தது இருவரையும், 50 பேரும் அதற்கு மேலும் உள்ள நிறுவனம் ஐவரையும் கூடுதலாகச் சேர்த்து, ஆறு மாதமாவது வேலையில் வைத்திருக்க வேண்டும். நீங்கள் மூவரை எடுப்பதால் தகுதி பெறுகிறீர்கள். வருங்கால வைப்புநிதிக்குக் (பி.எஃப்.) கணக்கிடும் ஊதியம் 10,000 ரூபாய் வரை இருந்தால் ஆள் ஒன்றுக்கு மாதம் 1,000 ரூபாய் வரையும், 20,000 வரை இருந்தால் 2,000 ரூபாயும், அதற்கு மேல் ஒரு லட்சம் வரை இருந்தால் 3,000 ரூபாயும் இரண்டாண்டுகளுக்குக் கிடைக்கும். உற்பத்தித் துறை என்பதால் உங்களுக்கு மூன்றாம், நான்காம் ஆண்டுகளுக்கும் நீளும்.

ஆனால் இங்கே கணக்கில் வருவது மொத்தச் சம்பளம் அன்று, பி.எஃப். பிடிக்கும் சம்பளம். ஒருவருக்கு 14,000 ரூபாய் கொடுத்துவிட்டு, பி.எஃப். கட்டுவதைக் குறைக்க 9,500 ரூபாய்க்கு மட்டும் கணக்குக் காட்டினால் நீங்கள் கீழ்ப்படிக்கு இறங்கிவிடுவீர்கள். 14,000-க்கே பி.எஃப். கட்டினால் மூவருக்கும் சேர்த்து ஆறு மாதத்துக்கு 36,000 ரூபாய் வரும். தொகை நிறுவனத்தின் பான் எண்ணோடு இணைந்த கணக்குக்கு வரும், மாதாந்தரப் பி.எஃப். கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்திருக்க வேண்டும்.

புதிதாக வருபவர்களில் முதன்முறையாக பி.எஃப்.-இல் சேருகிறவர் இருந்தால், ஒரு மாத ஊதியம், உச்சமாக 15,000 ரூபாய், அவருக்கு இரண்டு தவணையாகத் தனியே கிடைக்கும்: ஆறு மாதம் முடிந்து ஒன்று, பன்னிரண்டு மாதம் முடிந்து நிதிக்கல்விப் பயிற்சியும் பெற்ற பிறகு மற்றொன்று, அதில் ஒரு பகுதி குறிப்பிட்ட காலத்துக்குச் சேமிப்பில் இருக்கும். அது அவருடைய ஆதார் இணைந்த வங்கிக் கணக்குக்கு நேரே போவது. “அரசுதான் கொடுக்கிறதே” என்று சம்பளத்தில் அதைக் கழித்துக்கொள்ள உங்களுக்கு உரிமை இல்லை. ஒடிசாவிலிருந்து வந்தவராக இருந்தாலும் உசிலம்பட்டியிலிருந்து வந்தவராக இருந்தாலும் விதி ஒன்றே.

கேள்வி: மாதம் 15,000 ரூபாய் சம்பளத்தில் நான்கு ஆண்டுகள் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டுவிட்டது. இ.எஸ்.ஐ. பிடித்தார்கள். அதிலிருந்து ஏதாவது கிடைக்குமா?
– வாசகர், ஒசூர்

பதில்: தொழிலாளர் அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ. மருத்துவத்துக்கு மட்டுமே என்று நினைத்துப் பலர் இதைக் கேட்பதே இல்லை. 2018-இல் தொடங்கிய அடல் பீமித் வ்யக்தி கல்யாண் யோஜனாவின் கீழ், வேலை இழந்த, இ.எஸ்.ஐ. காப்பீடு பெற்ற தொழிலாளருக்கு அவருடைய சராசரி நாள் ஊதியத்தில் பாதி, அதிகபட்சம் 90 நாளுக்கு வழங்கப்படுகிறது, வாழ்நாளில் ஒருமுறைதான். உங்கள் கணக்கில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 250 ரூபாய், 90 நாளுக்கு 22,500 ரூபாய். குறைந்தது இரண்டாண்டுகள் காப்பீட்டு வேலையில் இருந்திருக்க வேண்டும், வேலை போவதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளுக்காவது பங்களிப்பு கட்டப்பட்டிருக்க வேண்டும், ஒழுங்கு நடவடிக்கையால் நீக்கப்பட்டவராகவோ விருப்ப ஓய்வு பெற்றவராகவோ இருக்கக் கூடாது. இத்திட்டம் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை நீட்டிக்கப்பட்டு வருவது என்பதால், இப்போது நடப்பில் உள்ளதா என்பதை உங்கள் இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். வேலை போய் 30 நாள் கழித்து விண்ணப்பிக்கலாம். காப்பீட்டு எண், ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் மூன்றிலும் உங்கள் பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் ஒன்றுபோல் இருக்கின்றனவா என்று இன்றைக்கே எடுத்துப் பார்த்துவிடுங்கள். வேறுபட்டிருந்தால் அதைத் திருத்திய பிறகு கிளை அலுவலகத்துக்குப் போங்கள்.