ரிட்டயர் ஆகப்போற சீனியரோட அனுபவத்தை கம்பெனிக்குள்ள எப்படி நிறுத்தி வைக்கறது?

கோயம்புத்தூர்ல உலோகத்தை உருக்கி மண் அச்சுல வார்க்கற ஒரு ஃபவுண்டரியோட புரொடக்‌ஷன் மேனேஜர் கேட்ருக்கார்: "எங்க சாண்ட் பிளான்ட்டை (அச்சுக்கு மண்ணு கலக்கற இடம்) 25 வருஷமா பாத்துக்கறவர் இன்னும் 5 மாசத்துல ரிட்டயர் ஆகறார். தெரிஞ்சதெல்லாம் எழுதுங்கன்னு டெம்ப்ளேட் குடுத்தோம், ரெண்டு பக்கத்தோட நிறுத்திட்டார். எழுதறவங்களுக்கு இன்சென்டிவ் வைக்கலாமா? என்ன சாஃப்ட்வேர் வாங்கலாம்?"

மொதல்ல அந்த டெம்ப்ளேட்டை ஓரமா வைங்க சார். அவர் ஒன்னும் மறைக்கல, தனக்கு என்னென்ன தெரியும்னு அவருக்கே தெரியாது, அதான் விஷயம். லேப் ஷீட்ல மாய்ஸ்சர் மூணரை பர்சென்ட், எல்லாம் ஓகேன்னு இருக்கும், ஆனாலும் அவர் ஒரு பிடி மண்ணை அள்ளி இறுக்கி விரிச்சுப் பாப்பார், விரல் தடம் பதிஞ்சிருக்கணும், நடுவுல உடைச்சா பொலபொலன்னு உதிராம ரெண்டா உடையணும், அப்புறம்தான் மோல்டிங்குக்கே (அச்சு செய்யறதுக்கு) விடுவார். லைன் வேகமா ஓடற ராத்திரில ஏற்கனவே வார்ப்புக்குப் போன மண்ணு ஆறாம சூடாவே திரும்பி வரும், மிக்சர்ல ஈரம் சரியா இருக்கற மாதிரிதான் தெரியும், ஆனா மோல்டு அடிக்கறதுக்குள்ள காஞ்சு, விளிம்பு உதிர்ந்து, காஸ்டிங்குக்குள்ள மண்ணு போயி ரிஜெக்‌ஷன். இது வரப்போகுதுன்னு மண்ணைத் தொட்டவுடனே அவருக்குத் தெரியும். இதை டெம்ப்ளேட்ல எந்தக் கட்டத்துல எழுதறது, சொல்லுங்க.

அமெரிக்காக்காரனே இதுல சறுக்கியிருக்கான். டபிள்யூ76 அணு ஆயுதத்துக்கு ஃபாக்பேங்க்னு ஒரு பொருள், டென்னசில ஓக் ரிட்ஜ்ல செஞ்சிட்டு இருந்தாங்க, அப்புறம் அந்த பிளான்ட்டை மூடிட்டாங்க. 2000க்கு அப்புறம் திரும்ப செய்யணும்னு வந்தப்போ ரெக்கார்டும் சரியா இல்ல, செஞ்சவங்கள்ல கிட்டத்தட்ட எல்லாரும் போயிட்டாங்க. புதுசா செஞ்சா சரியா வரல. கடைசில பாத்தா, பழைய முறைல ஒரு மூலப்பொருள்ல கலந்திருந்த அசுத்தம்தான் ஃபைனல் பொருளுக்கே முக்கியமாம், புது பிளான்ட்ல அதை நல்லா சுத்தம் பண்ணி எடுத்துட்டாங்க. அது முக்கியம்னு பழைய ஆளுங்களுக்கே தெரியாது. அப்புறம் எப்படி எழுதி வச்சிருப்பாங்க?

அதனால எழுதச் சொல்லாதீங்க, பேச வைங்க. பேச்சும் பொதுவா வேணாம், ரிஜெக்‌ஷன் ரிஜிஸ்டரை எடுத்து போன வருஷம் படுத்தி எடுத்த கேஸ் ஒரு பத்து பொறுக்குங்க. அந்த வேலைக்கு வரப்போற பையனை அவர் கூட சாண்ட் பிளான்ட்லயே நிக்க வைங்க, மீட்டிங் ரூம் வேண்டவே வேண்டாம், ஃபோன்ல ரெக்கார்டிங் போட்டுட்டு ஒவ்வொரு கேஸா கேக்கட்டும்: அண்ணா, மொதல்ல என்ன பாத்தீங்க, எதுனால சந்தேகம் வந்துச்சு, எதை இல்லன்னு ஒதுக்கினீங்க, இதே மாதிரி தெரிஞ்சும் இந்த வைத்தியம் பலிக்காத நேரம் எது? கடைசிக் கேள்வியை விடவே விடாதீங்க, சரக்கு முழுக்க அங்கதான் இருக்கும். எழுதறது பையன், திருத்தறது பெரியவர். பையன் தப்பா எழுதிட்டு வந்தா இன்னும் நல்லது, "அப்படி இல்லப்பா"ன்னு ஆரம்பிச்சார்னா அதுவரைக்கும் சொல்லாததெல்லாம் வெளிய வரும். கடைசி ரெண்டு மாசம் வேலையைப் பையன் செய்யட்டும், அவர் கையைக் கட்டிட்டு நிக்கணும் (அவருக்கு இதுதான் ரொம்ப கஷ்டம்).

இன்சென்டிவுக்கு வரேன். பாயின்ட் கணக்கு வேணவே வேணாம். இன்ஃபோசிஸ்ல 2000 வாக்குல நாலெட்ஜ் கரன்சி யூனிட்னு ஒன்னு வச்சாங்க, டாக்குமென்ட் போட்டா பாயின்ட், அதைக் குடுத்து பரிசு வாங்கிக்கலாம். டாக்குமென்ட் வந்து குவிஞ்சுது, பாயின்ட்டுக்காகப் போட்டதும் நிறைய, தேடறவனுக்கு உருப்படியானது எதுன்னே தெரியாத நிலைமை, அப்புறம் ஸ்கீமையே மாத்த வேண்டியதாச்சு.

ஜெராக்ஸ் கம்பெனி கதை வேற. 1980கள்ல ஜூலியன் ஓர்னு ஒரு மானுடவியல் ஆய்வாளர் மெஷின் ரிப்பேர் பண்ற டெக்னீஷியன்கள் கூடவே சுத்திப் பாத்தார், மேனுவல்ல இல்லாத பிரச்சனையை அவங்க சாப்பாட்டு நேரத்துல ஒருத்தருக்கொருத்தர் கதையா பேசித்தான் தீத்துக்கறாங்கன்னு தெரிஞ்சுது. பின்னாடி யுரேக்கான்னு ஒரு சிஸ்டம் வந்துச்சு. டெக்னீஷியன் ஒரு டிப் அனுப்பினா அனுபவசாலிங்க சரிபாத்துதான் எல்லாருக்கும் போகும், எழுதினவர் பேரும் கூடவே போகும். பேர் வருதுங்கறதுக்காகவே கவனமா எழுதினாங்க. நீங்களும் ஒவ்வொரு பக்கத்துலயும் பெரியவர் பேரைப் போடுங்க, கூடவே பையன் பேரும்.

ஒன்னு மட்டும் கேட்டுக்கறேன், கோவிச்சுக்காதீங்க. உங்க பிளான்ட்ல, எழுதிக் குடுத்துட்டா நம்ம தேவை முடிஞ்சுதுன்னு கணக்கு செட்டில் பண்ணி அனுப்பின ஆள் யாராவது இருக்காங்களா? இருந்தா ஷாப் ஃப்ளோர் அதை மறந்திருக்காது, அப்புறம் எந்த முறையும் எடுபடாது. அதனால ரிட்டயர்மென்ட்டுக்கு அப்புறம் வாரத்துல ஒரு நாள் கன்சல்டன்ட்டா வரச் சொல்லி, சம்பளத்தோட, லெட்டரை இப்பவே கையில குடுத்துருங்க.

சாஃப்ட்வேர் இப்போதைக்கு எதுவும் வாங்காதீங்க. உங்க ஆளுங்க எப்படியும் வாட்ஸாப் குரூப்லதான் கேக்கறாங்க, அங்க வர நல்ல பதிலை வாரம் ஒருதடவை ஒருத்தர் எடுத்து பொது ஃபோல்டர்ல போட்டா போதும். ஃபைலுக்கு "சாண்ட் எஸ்ஓபி வெர்ஷன் 3"ன்னு பேர் வைக்காம "நைட் ஷிஃப்ட்ல திடீர்னு மண்ணு உதிருது"ன்னு வைங்க, ராத்திரி ரெண்டு மணிக்குத் தேடறவன் அப்படித்தான் தேடுவான். மிக்சர் பக்கத்துல அதோட ஒரு பிரின்ட் ஒட்டி வைங்க, லேமினேட் பண்ணி.