வெயிலில் வெளுத்துப்போகும் முகம்

கரும்பச்சை மரங்களுக்கு முன்னால் நிற்கும் உங்கள் வெளிர்நிற நண்பரின் நெற்றியும் மூக்கும் வெள்ளைத் திட்டாகிவிடுவதாக எழுதியிருக்கிறீர்கள். பின்னணியின் இருட்டைப் பார்த்துக் கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அவ்வளவுதான். ஒரு சிறு புள்ளியின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாற்றி, வெயில் படும் கன்னத்தை அளந்து, +1 ஸ்டாப் (அதாவது இரு மடங்கு வெளிச்சம்) வையுங்கள். கூட்டுவதா என்று திகைக்காதீர்கள்: மீட்டர் எதையும் நடுச்சாம்பலாக்கவே பார்க்கும்; வெளிர் தோல் அதைவிட ஏறக்குறைய ஒரு ஸ்டாப் பிரகாசமானது.

பிறகு, படத்தின் வெளிச்சப் பரவலைக் காட்டும் வரைபடமான ஹிஸ்டோகிராமில் சிவப்பை மட்டும் தனியாகப் பாருங்கள். தோலில் பெரும்பாலும் முதலில் எல்லை தாண்டி விவரம் இழப்பது அதுதான். மொத்த வரைபடம் ஒழுங்காகத் தெரிந்ததை நம்பி, ஒரு நாள் எடுத்த படங்கள் அனைத்தையும் நான் பறிகொடுத்திருக்கிறேன். சிவப்பு வலது ஓரத்தை முட்டினால் 1/3 ஸ்டாப் குறையுங்கள். RAW கோப்பாக, அதாவது கேமரா பதப்படுத்தாத மூல வடிவில், எடுப்பது நல்லது.

உச்சிவெயிலில் மூக்கு நிழல் வேறு கொடுமை. வெயிலுக்கு முதுகு காட்டி நிற்கச் சொல்லுங்கள்; கன்னத்தை மறுபடியும் அளந்துகொள்ளுங்கள்.