ரோபோ கைபிடித்தால் கையெழுத்து திருந்துமா?

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது, மூன்றாம் வகுப்பு. வாயால் கேட்டால் எல்லாப் பதிலும் சொல்கிறான். எழுதச் சொன்னால் கை வலிக்கிறது என்று அழுகிறான். எழுத்தும் கோழிக் கிறுக்கல். ரோபோ மூலம் எழுதப் பழக்கும் மையம் ஒன்றில் சேர்க்கச் சொல்கிறார்கள். சேர்க்கலாமா?
– ஒரு தாய், பெரம்பூர்

பதில்: பணம் கட்டுவதற்கு முன் அவன் நோட்டை எடுத்து, எழுதிய தாளின் பின்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். எழுத்தெல்லாம் மேடு மேடாகத் தட்டுப்பட்டால் பென்சிலை அளவுக்கு மேல் அழுத்துகிறான். எழுதும்போது விரல் நகம் வெளுக்கிறதா, கால் தரையில் படாமல் தொங்குகிறதா என்றும் கவனியுங்கள். இப்படியெல்லாம் இருந்தால் அவன் சோம்பேறி இல்லை. ஒரு வரி முடிப்பதற்குள் அந்தச் சின்னக் கை படாத பாடு படுகிறது, வலிக்கத்தான் செய்யும். தயவுசெய்து திட்டாதீர்கள்.

சரி, ரோபோவுக்கு வருவோம். ஒரு வகை, பேனாவோடு இணைந்த இயந்திரக் கை. எழுத்தின் பாதையில் பேனாவை நடத்திச் செல்லும், விலகினால் இழுத்துவரும். தாம்பாளத்து அரிசியில் தாத்தா விரல் பிடித்து 'அ' எழுத வைப்பாரே, அதே வேலைதான். இது அலுக்காமல் நூறு தடவை செய்யும். ஆனால் தாத்தா ஒரு கட்டத்தில் கையை விட்டுவிடுவார். விடாமல் பிடித்துக்கொண்டே இருந்தால் எழுதுவது இயந்திரம்தான், பிள்ளை இல்லை. கோணிப்போன கோட்டைத் தானே பார்த்துத் திருத்தும்போதுதான் மூளை அந்த அசைவைப் பழகுகிறது. அதனால் மையத்தில் முதலில் கேட்க வேண்டியது, "உங்கள் கருவி எப்போது பிடியைத் தளர்த்தும்?" என்பதுதான்.

அடுத்து, தமிழ் எழுத்து உண்டா என்று கேளுங்கள். ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் பாதிக்கு மேல் நேர்கோடு. நம் 'ண', 'ழ' எல்லாம் கையெடுக்காமல் சுழித்துத் திரும்ப வேண்டியவை. ஏ, பி, சி மட்டும் பழகினால் ரெட்டைக்கோடு நோட்டில் அவன் படும் பாடு தீராது.

எத்தனை நாள் பயிற்சி என்பதும் முக்கியம். 2011இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உண்மையாகவே எழுதிப் பழகும் பயிற்சி, குறைந்தது 20 அமர்வுகளாவது இருந்தால்தான் பலன் தெரிகிறது என்றது. களிமண் பிசைவது, மணி கோப்பது எல்லாம் விரலுக்கு நல்லதுதான். அதோடு நிறுத்தினால் எழுத்து மாறாது.

சேர்ப்பதற்கு முன் கண் பரிசோதனையும், ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் (எழுதுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளுக்குப் பயிற்சி தரும் நிபுணர்) ஒருவரின் நேரடி மதிப்பீடும் கட்டாயம். முட்டுக்காட்டில் உள்ள மத்திய அரசின் பல்வகைக் குறைபாடுடையோர் நிறுவனத்தில் இதைக் கேட்கலாம். எழுதுவதில் உள்ள குறைபாடு, 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் கற்றல் குறைபாடாகச் சேர்க்கப்பட்டுள்ளது. சான்றிதழ் கிடைத்தால் தேர்வில் கூடுதல் நேரம் கேட்கலாம்.

எனக்கு மிகவும் பிடித்தது இன்னொரு வகை ரோபோ. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் உள்ள இ.பி.எஃப்.எல். பல்கலைக்கழகத்தின் 'கோரைட்டர்' திட்டத்தில், 58 செ.மீ. உயரமுள்ள நாவோ என்னும் ரோபோ வேண்டுமென்றே கோணலாக எழுதும். குழந்தை டேப்லெட்டில் சரியாக எழுதிக் காட்டி அதற்குக் கற்றுத்தர வேண்டும். எழுத்து சரியில்லை என்று தினமும் பேச்சு வாங்கும் பிள்ளை அங்கே டீச்சர். என் அனுபவத்தில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு விரலைவிட மனசுதான் முதலில் சோர்ந்துபோகிறது.

இதற்கு ரோபோகூட வேண்டாம். இன்று ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அவன் அப்பாவை ஒரு சிலேட்டில் 'கண்' என்று எழுதச் சொல்லுங்கள், ஒரு சுழி குறைத்து. "அப்பா, இது ரெண்டு சுழி, மூணு சுழி போடணும்" என்று அவன் சிலேட்டைப் பிடுங்கினால் கொடுத்துவிடுங்கள். அவன் போடும் மூன்றாவது சுழி கோணலாக இருந்தாலும் அன்றைக்குத் திருத்த வேண்டாம்.