பரோடா கெய்க்வாட்கள்: கேட்டதும் சொன்னதும்

கெய்க்வாட் என்ற மராட்டியக் குடும்பம் குஜராத்தில் ஆண்ட பரோடா சமஸ்தானம் பற்றிப் பலர் கேட்ட கேள்விகளைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன். ஒரே மாதிரி இருந்தவற்றை ஒன்றாக்கிவிட்டேன்.

சிந்தியா, ஹோல்கர் மாதிரி கெய்க்வாட்களும் பேஷ்வாவின் தளபதிகள்தானே?

இல்லை. பேஷ்வா என்பவர் மராட்டிய அரசின் தலைமை அமைச்சர். சிந்தியாவும் ஹோல்கரும் அவர் வளர்த்துவிட்டவர்கள். கெய்க்வாட்களோ சத்ரபதியின், அதாவது மராட்டிய அரசரின், சேனாபதியான தாபாடே குடும்பத்துக்குக் கீழே இருந்தவர்கள். பிலாஜிராவ் கெய்க்வாட் சோன்கட் கோட்டையைப் பிடித்துக்கொண்டு குஜராத்துக்குள் புகுந்தார். 1731இல் தபோய் அருகே தாபாடேக்கும் பேஷ்வா முதலாம் பாஜிராவுக்கும் சண்டை மூண்டபோது, பிலாஜி பேஷ்வாவை எதிர்த்துத்தான் நின்றார். சேனாபதி திரிம்பக்ராவ் தாபாடே அந்தக் களத்திலேயே இறந்தார். அடுத்த ஆண்டு, ஜோத்பூர் அரசர் அபய்சிங்கின் ஆட்கள் டாகோரில் பிலாஜியைக் கொன்றார்கள். அவர் மகன் தாமாஜி 1734இல் பரோடாவைக் கைப்பற்றினார். பேஷ்வாமீது இவர்களுக்கு இருந்த பழைய கசப்பை மனதில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் நடந்தது எல்லாம் புரியும்.

பழைய வரைபடத்தில் பரோடா சமஸ்தானம் துண்டு துண்டாகக் கிடக்கிறதே, ஏன்?

தாமாஜி 1751இல் பேஷ்வாவிடம் சிறைப்பட்டார். குஜராத்தில் பாதியைத் தருவதாக ஒப்புக்கொண்ட பிறகே வெளியே வந்தார். அப்புறம் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்கள் வந்து, ஒவ்வொரு உடன்படிக்கையிலும் ஒரு பகுதியை வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியதுதான் நீங்கள் பார்க்கும் துண்டுகள்: நடுவில் பரோடா, வடக்கே கடி (பிறகு மெஹ்சானா), தெற்கே நவ்சாரி, கத்தியவாரில் அம்ரேலி, மேற்குக் கோடியில் துவாரகை இருக்கும் ஓகாமண்டல்.

ஆங்கிலேயர்களுக்கு இவர்கள் ஏன் அவ்வளவு சீக்கிரம் பணிந்தார்கள்?

கடன்தான் காரணம். ஆனந்தராவ் கெய்க்வாட் ஆண்ட காலத்தில் படைக்குச் சம்பள பாக்கி ஏறிப்போய், கூலிப்படையாக வந்த அரபு வீரர்கள் பரோடா கோட்டையையே தங்கள் பிடியில் வைத்திருந்தார்கள். 1802இல் கம்பெனிப் படை வந்து அவர்களை வெளியேற்றியது. சாகுகார்களிடம் (வட்டிக்குக் கடன் தருபவர்களிடம்) வாங்கிய கடனுக்குக் கம்பெனி பிணை நின்றது. பிணை நின்றவன் வீட்டுக் கணக்கைப் பார்க்காமல் விடுவானா? அன்று முதல் பரோடாவின் வரவு செலவில் ரெசிடெண்டுக்கும் (அரசவையில் இருந்த ஆங்கிலேயப் பிரதிநிதிக்கும்) ஒரு கை இருந்தது. பேஷ்வாவிடம் பாக்கிக் கணக்குத் தீர்க்கப் போன பரோடா தூதர் கங்காதர சாஸ்திரி 1815இல் பண்டரிபுரத்தில் கொல்லப்பட்டார். அந்தக் கொலை பேஷ்வா ஆட்சியின் முடிவுக்கே வழிவகுத்தது.

மகாராஜா மல்ஹர்ராவ் நிஜமாகவே ரெசிடெண்டுக்கு விஷம் வைத்தாரா?

நிறையப் பேர் கேட்டது இதைத்தான்.

1874 நவம்பர் 9 காலை. ரெசிடெண்ட் கர்னல் ஃபெய்ர் நடைப்பயிற்சி முடித்து வந்து, வழக்கமாகக் குடிக்கும் பம்பளிமாஸ் சர்பத்தை இரண்டு மிடறு குடித்தார். உடம்பு என்னவோ செய்ததால் மிச்சத்தை வெளியே கொட்டிவிட்டார். பிறகு பார்த்தால் தம்ளரின் அடியில் கருப்பாக ஏதோ படிந்திருந்தது. சோதித்ததில் ஆர்செனிக் இருந்தது, கூடவே வைரப்பொடியும் என்றார்கள். வேலைக்காரர்களின் வாக்குமூலம் மகாராஜாவை நோக்கிக் கைகாட்டியது.

விசாரணைக் குழுவில் ஆறு பேர். மூன்று ஆங்கிலேயரும் குற்றம் நிரூபணமானது என்றார்கள். குவாலியர் சிந்தியா, ஜெய்ப்பூர் மகாராஜா, சர் தினகர் ராவ் மூவரும் ஆகவில்லை என்றார்கள். சரிபாதி. ஆனாலும் 1875 ஏப்ரலில் அவரைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். ஆணையில் காட்டிய காரணம் விஷம் அல்ல, சீர்கெட்ட ஆட்சி. மல்ஹர்ராவை மெட்ராஸுக்கு அனுப்பிவைத்தார்கள். 1882இல் அங்கேயே இறந்துபோனார்.

என் கருத்தைக் கேட்டால், விஷ வழக்கு அன்று கிடைத்த சாட்சிகளை வைத்து நிற்காது. ஆனால் அவருடைய ஆட்சியை ஆதரித்துப் பேசவும் என்னால் முடியாது. தாதாபாய் நௌரோஜியே திவானாக வந்து சரிசெய்யப் பார்த்து, சில மாதங்களிலேயே விலகிப் போனார்.

மாடு மேய்த்த சிறுவனை ராஜாவாக்கினார்கள் என்று படித்தேன். கட்டுக்கதையா?

பாதி உண்மை. பையன் பெயர் கோபால்ராவ். நாசிக் பக்கம் கவளானா கிராமத்தில் விவசாயம் பார்த்துவந்த கெய்க்வாட் பங்காளிக் குடும்பத்துப் பிள்ளை. அவரைத் தத்தெடுத்தவர் ஜம்னாபாய், மல்ஹர்ராவின் அண்ணன் கண்டேராவின் விதவை. கணவர் 1870இல் இறந்தபோது அவர் கர்ப்பிணி. பிறந்தது பெண் குழந்தை என்பதால்தான் அரியணை மல்ஹர்ராவ் கைக்குப் போனது. அத்தனை வருடம் ஒதுங்கியிருந்த அந்த அம்மாள் 1875இல் திரும்பி வந்து, தத்தெடுக்கும் உரிமையைப் பெற்று, 12 வயதுப் பையனைத் தேர்ந்தெடுத்தார். "எதற்கு வந்தாய்?" என்று கேட்டதற்குப் பையன் "ராஜாவாக" என்று சொன்னதாக இன்றும் கதை சொல்கிறார்கள். அவர்தான் மூன்றாம் சயாஜிராவ். ஜம்னாபாயைப் பற்றி இன்னும் அதிகம் எழுதப்பட வேண்டும்.

திவான் மாதவ ராவ் நம்ம கும்பகோணத்துக்காரராமே? அப்படி என்ன செய்தார்?

ஆமாம், கும்பகோணத்தில் பிறந்த தஞ்சாவூர் மராட்டியர். திருவிதாங்கூரிலும் இந்தூரிலும் திவானாக இருந்துவிட்டு 1875இல் பரோடா வந்தார். பையன் பெரியவனாகும் வரை ஆட்சி அவர் கையில்.

சயாஜிராவைப் புகழ்கிறவர்கள் இந்த ஆறேழு வருடங்களைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு இதில் வருத்தம் உண்டு. அதுவரை கிராமத்து வரியை ஏலத்தில் எடுத்தவர்கள் வசூலித்தார்கள். அரசுக்கு ஒரு தொகை கட்டிவிட்டால் போதும், குடியானவனிடம் எவ்வளவு பிடுங்கினாலும் கேட்பாரில்லை. மாதவ ராவ் அந்த முறையை நிறுத்திவிட்டு, அரசு ஊழியரே வசூலிக்கும்படி செய்தார். பழைய கடன்களையும் சம்பள பாக்கியையும் ஒவ்வொன்றாகத் தீர்த்தார். நீதிமன்றம், போலீஸ், பள்ளி எல்லாவற்றுக்கும் தனித்தனி இலாகா வைத்தார். பட்டம் ஏறப்போகும் பையனை உட்காரவைத்து, ராஜா சொந்தச் செலவையும் அரசுச் செலவையும் எப்படிப் பிரிக்க வேண்டும் என்பதுவரை பாடம் நடத்தினார். 1881இல் சயாஜிராவ் பொறுப்பேற்றபோது கஜானாவில் பணமும் இருந்தது, உத்தரவு போட்டால் ஊர்வரை கொண்டுபோக ஆட்களும் இருந்தார்கள்.

கட்டாயக் கல்வி பற்றிச் சொல்லுங்களேன்.

சயாஜிராவ் அதை 1893இல் அம்ரேலி பகுதியில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1906இல் சமஸ்தானம் முழுவதற்கும் சட்டமாக்கினார். ஆண் பிள்ளைகளுக்கு 7 முதல் 12 வயது, பெண் பிள்ளைகளுக்கு 7 முதல் 10. அனுப்பாத பெற்றோருக்கு அபராதம். படித்தவர்கள் படித்ததை மறந்துவிடக் கூடாது என்று, 1910இல் போர்டன் என்ற அமெரிக்க நூலகரை வரவழைத்து ஊர் ஊராக நூலகம் திறந்தார். நூலகம் இல்லாத ஊருக்கு மரப்பெட்டியில் புத்தகங்கள் போகும். படித்து முடித்ததும் பெட்டி அடுத்த ஊருக்குப் போகும். பிரிட்டிஷ் இந்தியாவில் கட்டாயக் கல்வி கேட்ட காங்கிரஸ் தலைவர் கோகலே பரோடாவைத்தான் உதாரணம் காட்டினார்.

அம்பேத்கரைப் படிக்கவைத்தது பரோடா என்கிறார்கள். பிறகு ஏன் அங்கே நிலைக்கவில்லை?

1913இல் கொலம்பியா பல்கலைக்கழகத்துக்குப் போனது சயாஜிராவின் உதவித்தொகையில்தான். திரும்பி வந்து பரோடாவில் வேலை பார்க்க வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் வந்தார். தங்க இடம் கிடைக்கவில்லை. ஒரு பார்சி விடுதியில் பார்சி பெயர் சொல்லித் தங்கினார். விஷயம் தெரிந்ததும் தடியோடு ஒரு கூட்டம் வாசலில் வந்து நின்றது. சாமான்களை எடுத்துக்கொண்டு வெளியேறி, பொதுப் பூங்காவில் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கே போய்விட்டார். அலுவலகத்திலும் தீண்டாமை இருந்தது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்குப் பள்ளி திறந்த மகாராஜாவின் தலைநகரிலேயே இதுதான் நிலைமை. சயாஜிராவை மதிக்கிறவன் என்பதாலேயே இதை மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

1911 தில்லி தர்பாரில் சயாஜிராவ் பிரிட்டிஷ் அரசரை அவமதித்தாராமே?

ஒரே முறை லேசாகத் தலைகுனிந்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி நடந்தார். லண்டன் பத்திரிகைகள் கொந்தளித்தன. மன்னிப்புக் கடிதமும் எழுதினார். வேண்டுமென்றே செய்தாரா என்பதை அவரவர் முடிவுக்கு விட்டுவிடலாம்.

பரோடாவில் பரதநாட்டியம் எப்படி வந்தது?

கல்யாணத்தோடு வந்தது. சயாஜிராவின் முதல் மனைவி முதலாம் சிம்னாபாய், தஞ்சை மராட்டிய அரச குடும்பத்துப் பெண். பிறந்த பெயர் லட்சுமிபாய். 1880இல் மணமாகி வந்தபோது கௌரி, காந்திமதி என்ற ஆடல் பெண்களும் நட்டுவனாரும் வாத்தியக்காரர்களும் உடன் வந்தார்கள். அவர் 1885இலேயே இறந்துவிட்டார். ஆனால் பின்னால் பட்டமேறிய பிரதாப்சிங் அவருடைய பேரன்.

சமஸ்தானம் எப்போது முடிந்தது?

1949 மே 1இல் பம்பாய் மாகாணத்தோடு இணைந்தது. அந்த ஆண்டுதான் சயாஜிராவ் பெயரில் பல்கலைக்கழகமும் தொடங்கியது. இணைப்பை எதிர்த்து மற்ற சமஸ்தானாதிபதிகளைத் திரட்டிய பிரதாப்சிங்கின் பட்டத்தை 1951இல் மத்திய அரசு பறித்து, மகன் ஃபதேசிங்குக்குக் கொடுத்தது.

போனால் எதைப் பார்க்க வேண்டும்?

லட்சுமி விலாஸ் அரண்மனை. மேஜர் மான்ட் தொடங்கி, அவர் இறந்த பிறகு நம் சென்னை செனட் ஹவுஸைக் கட்டிய சிஷோம் 1890இல் முடித்தது. அதே வளாகத்து அருங்காட்சியகத்தில் ரவி வர்மாவின் ஓவியங்கள் இருக்கின்றன. அவற்றுக்கு நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.